கூண்டில் ஏற்றிய கைபேசி

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் நடக்கும்வரை இந்தத் தலைப்புக்குச் சாவில்லை: தொழில்நுட்பம் உறவுகளை வளர்க்கிறதா, சிதைக்கிறதா? ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்திருப்பதைப் பேச்சாளர் நடித்துக் காட்டுவார். கூட்டம் கைதட்டும். கைதட்டி முடித்த கையோடு அந்தப் பேச்சையே செல்போனில் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பும். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே மேடையில் தொலைக்காட்சி மீது இதே குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது, அதுவும் தொலைக்காட்சியிலேயே.

பட்டிமன்றத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இன்று அது தலையங்கத்தின் குரலாகவும், பள்ளி ஆண்டுவிழாவின் சிறப்புரையாகவும், அரசு இணையத்தைத் துண்டிக்கும்போது சொல்லும் காரணமாகவும் ஆகிவிட்டது. அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லி வெல்வதில் பெருமை இல்லை. அதன் முழு வலிமையோடு சொன்னால் இப்படி வரும். முன்பு மனிதர்கள் முகம் பார்த்துப் பேசினார்கள். தெருவில் ஒரு சாவு என்றால் அக்கம்பக்கத்தில் அடுப்பு எரியாது. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்டு, மறுத்து, சண்டையிட்டு, ஊர்க் காரியத்தையும் உலகக் காரியத்தையும் தெரிந்துகொள்வார்கள். பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். பொய் வந்தால் போய்க் கேட்க ஒரு முகவரி இருந்தது. கைபேசி இரண்டையும் கெடுத்தது. உறவு ‘லைக்’ அளவுக்குச் சுருங்கியது, செய்தி வதந்தியாகத் திரிந்தது. சான்று வேண்டுமா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்மணியை, பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ராயின்பாடா என்ற கிராமத்தில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் கொலைக்கு முன்னே ஓடியது வாட்ஸப் வதந்தி. ஆகவே திரையை அணை, மனிதனைப் பார். உறவும் மீளும், விவரமறிந்த குடிமகனும் மீள்வான்.

இதில் உண்மைகள் உண்டு. அந்த உண்மைகளிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. எண் போட்டே சொல்கிறேன்.

1. டீக்கடையில் உட்கார்ந்திருந்தது யார்?

முதலில் இதைக் கேட்காமல் அந்தப் பொற்காலத்துக்குள் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் டீக்கடைக்கு இரண்டு வகைத் தம்ளர் இருந்தது. ஒன்று பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு, இன்னொன்று வெளியே நின்றோ குத்தவைத்தோ குடித்தவர்களுக்கு. பெஞ்சுக்காரர்கள் அரசியல் பேசினார்கள், உண்மைதான். வெளியே நின்றவருக்கு அந்தப் பேச்சில் இடமிருந்ததா? திண்ணைக்கும் இதே கேள்விதான். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது ஊருக்கே மனப்பாடம். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டீக்கடை பெஞ்சில் பெண் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் ஊரை இந்த ஏக்கக் கட்டுரைகளை எழுதியவர்கள் யாரும் காட்டியதில்லை. நாட்டின் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவர்கள் நெருக்கமாகப் பழகியதை ‘மனித உறவு’ என்று மொத்தமாகப் பெயரிடுவது கணக்கில் மோசடி.

அந்த உரக்கப் படித்தலும் ஊர் மண்ணில் தானாக முளைத்ததல்ல. முடிதிருத்தும் கடைகளிலும் படிப்பகங்களிலும் பத்திரிகை வாங்கிப் போட்டது திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும் தமிழில் நாளிதழ் நடத்தலாம் என்று 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிக் காட்டியவர் சி. பா. ஆதித்தனார். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுங்கால உழைப்பு இருந்தது; வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலானது. அச்சு இயந்திரம், எளிய மொழி, வரிப்பணம், கட்சித் தொண்டனின் மாலைநேரம் என்று பலவும் கூடிவந்ததால் கிடைத்த விளைவு அது. தொழில்நுட்பம் இல்லாததால் விளைந்தது என்று நினைப்பவர் பத்திரிகையும் ஒரு தொழில்நுட்பம் என்பதை மறந்துவிட்டார்.

2. வதந்திக்குச் செல்போன் தேவைப்பட்டதா?

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். அதிகாலையில் டெல்லியில் கிளம்பிய செய்தி அன்றைக்கே நாடு முழுவதும் பரவி லண்டன் கோயில்கள் வரை போய்விட்டது. கோயில் வாசல்களில் மைல் கணக்கில் வரிசை நின்றது. அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து காட்டி, சிலையின் மேற்பரப்பில் பால் எப்படி வழிகிறது என்று விளக்கினார்கள். வரிசை அதற்காக அசையவில்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசிய அழைப்பு அது. பிள்ளையார் பால் குடித்த செய்தியைச் சுமந்தவை தரைவழித் தொலைபேசியும் பக்கத்து வீட்டு மதிலும்தான்.

பத்திரிகைக்கு முகவரி இருந்தது என்பார்கள். அந்த முகவரிக்கு அரசும் போகும், பணமும் போகும். நெருக்கடி நிலைக் காலத்தில், தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட சில நாட்களில், கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானதைச் செய்தியாகப் போட முடியவில்லை. 1976 பிப்ரவரி 3 அன்று அண்ணா நினைவுநாளில் அந்தக் கட்சியின் நாளேடான ‘முரசொலி’ ஒரு பட்டியல் வெளியிட்டது: நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று. அது சிறைப்பட்டவர்களின் பட்டியல் என்று வாசகன் புரிந்துகொண்டான். தணிக்கையை ஏமாற்றிய அந்தச் சாமர்த்தியத்தை வியக்கலாம். ஆனால் தன் ஊர்க்காரன் சிறையில் இருக்கிறான் என்பதை மலர்வளையப் பட்டியலிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்த காலத்தை விவரமறிந்த குடிமகனின் பொற்காலம் என்று எந்த வாயால் சொல்வது? அது விதிவிலக்கான காலம் என்றால், 2009 நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் புகழைச் செய்தி என்றே அச்சிட்டார்களே, அப்போது எந்த நெருக்கடி? பிரஸ் கவுன்சிலே அதைப்பற்றி விசாரணைக் குழு போட்டது.

3. ஒரே வாயில் இரண்டு குற்றச்சாட்டு சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பின் மையமே இங்குதான் உடைகிறது. அவர்களுடைய முதல் குற்றச்சாட்டு, கைபேசி மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துவிட்டது என்பது. இரண்டாவது, கைபேசியில் வருவதை எல்லாரும் நம்பித் தொலைக்கிறார்கள் என்பது. சற்று நின்று யோசித்தால் ஒன்று மற்றதை வெட்டுவது தெரியும். வாட்ஸப்பில் வரும் பொய்யை ஏன் நம்புகிறோம்? யாரோ ஒரு முகமறியாத ஆள் அனுப்பியிருந்தால் பாதிப்பேர் திறந்தே பார்க்க மாட்டார்கள். அனுப்பியவர் சித்தப்பா. அனுப்பியவர் நம்மோடு பத்தாம் வகுப்பு படித்தவர். நமக்குக் கெட்டது நினைக்காத அத்தை, காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். பொய் பயணம் போவது உறவின் மீது ஏறி. உறவு அறுந்திருந்தால் பொய்க்கு வண்டியே கிடைத்திருக்காது.

திருவண்ணாமலைக் கொலையையே மறுபடி பாருங்கள். அந்த ஊரில் மனித உறவு நலிந்திருந்ததா? நலிந்த ஊரில் சில நிமிடங்களில் அத்தனை பேர் ஓடிவந்து ஒன்றுகூட முடியாது. ஒரு குரல் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் கட்டுக்கோப்பு அங்கே இருந்தது. நம் ஏக்கக்காரர்கள் தேடுகிற அதே கட்டுக்கோப்பு. இல்லாமல்போனது வேறு: ஊருக்கு வெளியே இருந்து வந்த ஓர் ஆளும் மனிதர்தான் என்ற எண்ணம், சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை, பல நாட்களாக மாவட்டமெங்கும் சுற்றிய வதந்தியை ஊர் ஊராகப் போய் மறுக்க ஒரு நிர்வாகம். ராயின்பாடாவில் செத்தவர்களும் அயலூர்க்காரர்கள், அதிலும் பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிகள். அவர்களைக் கொன்றதில் செல்போனுக்குப் பங்கு உண்டு. உள்ளூர்க்காரனை நம்பு, வெளியூர்க்காரனைச் சந்தேகி என்று காலங்காலமாகச் சொல்லிவைத்த நெருக்கத்துக்கும் பங்கு உண்டு. அந்த நெருக்கத்தையே மருந்து என்று எழுதிக் கொடுப்பவரை என்ன சொல்வது?

4. தூரத்தில் இருப்பவர்கள் கணக்கில் இல்லையா?

ஒரே மேசையில் நால்வர் செல்போன் பார்க்கும் காட்சி, நால்வரும் ஒரே மேசைக்கு வர முடிந்த குடும்பத்தின் காட்சி. வளைகுடாவுக்குப் போனவர் எண்பதுகளில் மனைவியிடம் பேச வேண்டுமென்றால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினார். பதில் கேசட் வரும்போது பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கும். யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் கடுமை. 1990 முதல் 2002 வரை, அதைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை அடைபட்டுக் கிடந்தது. தொலைபேசி பெரும்பாலானோருக்கு இல்லை. பிரிந்த குடும்பங்கள் ஒருவருக்கொருவர் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகச் செய்தி அனுப்பினார்கள். அந்தத் தலைமுறைத் தாய் ஒருத்தி இன்று சங்கானையில் இருந்துகொண்டு டொரன்டோவில் இருக்கும் பேரனை வீடியோவில் பார்த்து “சாப்பிட்டியா அப்பு” என்று கேட்கும்போது, அது போலி உறவு, திரை உறவு என்று அவளிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிவு இருக்கிறது? ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப் அழைப்பை இன்னும் தடுத்து வைத்திருக்கிறார்கள். உறவைக் கெடுக்கும் அந்தத் தடையைப் பற்றி நம் மேடைகளில் ஒரு சொல் கேட்டதில்லை.

காது கேளாதவர்கள் தூரத்திலிருந்தபடி தங்கள் சைகை மொழியில் பேசிக்கொள்ள முடிந்தது வீடியோ அழைப்பு வந்த பிறகுதான். இதை மறுக்கவே முடியாது என்பதால் எதிர்த்தரப்பு பேசுவதே இல்லை.

பெண்களுக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் கைபேசி தங்களுக்கு உண்டு என்று சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 54 சதவீதம்தான். இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57. ‘எல்லாரும் செல்போனில் மூழ்கிவிட்டோம்’ என்ற அந்த ‘எல்லாரும்’ யார் என்பது இந்த எண்களில் இருக்கிறது. 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் தாக்கோர் சமூகத்தார் கூடி, 12 கிராமங்களில் மணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். காரணம் கேட்டால் படிப்புக் கெடுகிறது, கவனம் சிதறுகிறது என்றார்கள். பையன்களுக்குப் படிப்புக் கெடாதா என்று யாரும் கேட்கவில்லை போலும். அதே கூட்டத்தில் கலப்பு மணத்துக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. ‘செல்போன் உறவைச் சிதைக்கிறது’ என்ற வாக்கியம் அந்த ஊர்களில் போய்ச் சேரும்போது, எந்த உறவு, யார் விரும்பாத உறவு என்பது தெளிவாகிவிடுகிறது.

5. ஆய்வே சொல்லிவிட்டதே என்பவர்களுக்கு.

எந்த ஆய்வு? 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் க்ராட்டும் அவர் குழுவினரும் 73 வீடுகளை ஆராய்ந்து, இணையம் அதிகம் பயன்படுத்தியவர்களிடம் குடும்பப் பேச்சு குறைந்து தனிமை கூடியது என்று எழுதினார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தி. அதே குழு அதே மக்களைத் தொடர்ந்து கவனித்து, அந்தக் கெடுதல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று 2002-இல் எழுதியது. அது யார் காதிலும் விழவில்லை.

இன்னொன்று, எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பதால் நானே கொண்டுவருகிறேன். ஹன்ட் ஆல்காட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம் ஒரு குழுவினருக்குப் பணம் கொடுத்து ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் சற்று அதிகம் இருந்தார்கள். மனநிலை சிறிதளவு மேம்பட்டது. கட்சிப் பிளவின் கடுமை குறைந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர்கள் தனியாக டிவி பார்ப்பதும் கூடியது. நாட்டு நடப்பைப் பற்றிய அறிவு குறைந்தது. மூன்று நல்ல விளைவையும் மேடையில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விழுங்குகிறார்கள். திரையை அணைத்தால் உறவும் மீளும், அறிந்த குடிமகனும் மீள்வான் என்று இரண்டையும் ஒரு முடிச்சாகப் போட்டார்களே, இந்த ஒரு சோதனையில் அந்த முடிச்சு அவிழ்கிறது. ஒன்று கொஞ்சம் ஏறியது, மற்றது இறங்கியது.

6. குற்றம் செய்தவன் வெளியே நிற்கிறான்.

‘தொழில்நுட்பம் செய்தது’ என்பது எழுவாய் மறைந்த வாக்கியம். தொழில்நுட்பம் எதையும் செய்வதில்லை; ஒரு நிறுவனத்தின் ஓர் அறையில் யாரோ சிலர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் 2017 முதல் ஒரு பதிவுக்குக் கோபக் குறி போட்டால், அந்தப் பதிவை மற்றவர்களுக்குக் காட்டும் கணக்கில் அது லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புப் பெற்றது. 2018 ஜனவரியில் அதன் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், இனி குடும்பத்தாரும் நண்பர்களும் பேசிக்கொள்வதற்கே முன்னுரிமை என்று அறிவித்தார். கேட்க எவ்வளவு இனிமை! அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் 2021-இல் வெளிக்கொண்டுவந்த நிறுவனத்தின் உள்ஆவணங்கள், அந்த மாற்றம் சண்டை மூட்டும் பதிவுகளுக்கே தீனி போட்டது என்பதை அவர்களின் ஆய்வாளர்களே எழுதிவைத்திருந்ததைக் காட்டின. 2020 செப்டம்பரில் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். தவறான தகவல் மக்கள் கண்ணில் படுவது குறைந்தது. ஃபேஸ்புக் பார்ப்பது குறையவில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் குறையக்கூடிய நஞ்சை மூன்று ஆண்டுகள் ஓடவிட்டவர்கள் இருக்கும்போது, பட்டிமன்றத்தில் திட்டு வாங்குவது பன்னிரண்டாம் வகுப்புப் பையன்.

இலங்கையில் இந்த முடிவுகளின் விலை என்ன என்று தெரிந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகனைப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றிக் குடிமைக் குழுக்கள் முன்பிருந்தே முறையிட்டு வந்திருந்தன; சிங்களம் படிக்கத் தெரிந்த ஆட்களைப் போதிய அளவில் அந்த நிறுவனம் வைத்திருக்கவில்லை. 2020 மே மாதம், தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்தது. ஒரு நாட்டில் லட்சக்கணக்கில் பயனாளர்களைச் சேர்க்கலாம், அந்த நாட்டு மொழி தெரிந்தவரை வேலைக்கு வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு வணிக முடிவு. அதை ‘டிஜிட்டல் யுகத்தின் சாபம்’ என்று வருணித்தால் அந்த நிறுவனம் மகிழ்ச்சியோடு தலையாட்டும். சாபத்தின் மேல் வழக்குப் போட முடியாதல்லவா?

வாட்ஸப் விவகாரமும் இதுவே. 2018 கொலைகளுக்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனமே சொன்னது. மக்கள் ஒரே மாதத்தில் பண்பட்டுவிட்டார்களா என்ன? கதவின் அகலத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். முதலில் அத்தனை அகலமாக வைத்தது யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, கதவு வழியே போனவர்களின் ஒழுக்கத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

7. முகம் பார்த்துப் பேசும் சபையைக் கெடுத்தது எது?

நேரில் கூடி ஊர்க் காரியம் பேச நமக்குச் சட்டப்படி ஓர் இடம் உண்டு, கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள்; இவற்றோடு மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்துத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை. வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். யாரிடம் முகம் பார்த்துக் கேட்பது? மக்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது என்று இதுவரை எந்தப் பேச்சாளரும் சொல்லவில்லை. சொன்னாலும் வியக்க மாட்டேன்.

அறிந்த குடிமகன் எப்படி உருவாகிறான் என்பதற்கு ராஜஸ்தானத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இல் ஊர் நடுவே பொது விசாரணை கூட்டி, அரசு வேலைத்தளங்களின் வருகைப் பட்டியலை உரக்கப் படித்தது. செத்தவர் பெயரில் கூலி, ஊரிலேயே இல்லாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு. கேட்டவர்கள் எழுந்து நின்று பொய் என்றார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். இந்த வரிசையில் வந்ததுதான் 2005-இன் தகவல் உரிமைச் சட்டம். (தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, விலக்குகளை அடுக்கி அதைப் பல்லில்லாமல் ஆக்கியதும் தமிழ்நாடுதான்.) அங்கே உறவு இருந்தது, கூட்டம் இருந்தது, முகம் பார்த்த பேச்சு இருந்தது. ஆனால் அவை மூன்றும் முந்தைய ஆண்டுகளிலும் இருந்தவை. புதிதாக வந்தது கையில் ஓர் ஆவணம். ஆவணம் இல்லாத இடத்தில் டீக்கடையில் பேசினாலும் வாட்ஸப்பில் பேசினாலும் அது வெறும் ஊகம்.

இப்போது அந்த ஆவணங்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. தனிநபர் விவரமாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. அதே ஆண்டு ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் தளங்கள் எல்லாவற்றிலும் செயலி வழியாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகைப் பதிவு கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத தளத்தில் வேலை செய்தவர்கள் கூலியை இழந்தார்கள். தொழிலாளி பட்டியலைப் பார்த்து அரசைக் கேள்வி கேட்ட காலம் போய், அரசு கேமராவில் தொழிலாளியைப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது. கருவி இரண்டு பக்கமும் திரும்பும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் சண்டை. இந்தச் சண்டையில் “திரையை அணை” என்று சொல்பவர் எந்தப் பக்கத்துக்கு உதவுகிறார்?

8. இந்தக் கருத்தின் விளைவு வீட்டோடு நிற்பதில்லை.

கைபேசிதான் கலவரம், கைபேசிதான் வதந்தி என்று ஊரை நம்பவைத்த பிறகு, இணையத்தைத் துண்டிப்பது நோய்த்தடுப்பு போலத் தோன்றும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நின்றது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். பிள்ளையைக் காணாமல் மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடிய குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது வதந்தியா, தகவலா?

மணிப்பூரில் இனக்கலவரம் வெடித்த 2023 மே 3 அன்று இணையம் துண்டிக்கப்பட்டது. மே 4 அன்று இரண்டு பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலமாக இழுத்துச் சென்றார்கள். மே 18 அன்று போலீசில் புகார் பதிவானது. யாரும் கைதாகவில்லை. உலகத்துக்கு எதுவும் தெரியவில்லை. ஜூலை 19 அன்று அந்தக் காணொளி வெளியே வந்தது. மறுநாளே முதல் கைது. இரண்டரை மாதம் அங்கே இணையம் பெரும்பாலும் முடங்கிக் கிடந்தது. திரைகள் அணைந்தே இருந்தன. நேருக்கு நேர் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். புகார்க் காகிதம் செய்யாததைச் செய்தது ஒரு செல்போன் பதிவு. அந்தப் பதிவை எடுத்தவர்கள் நல்லெண்ணத்தில் எடுக்கவில்லை என்பதையும், அந்தப் பெண்களுக்கு அது இன்னொரு வதை என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அது வெளிவராதிருந்தால் அந்தக் கைது எப்போது நடந்திருக்கும் என்பதற்கு எதிர்த்தரப்பிடம் பதில் கிடையாது.

காஷ்மீரின் நீண்ட இணைய முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இணையத்தைக் காலவரையின்றித் துண்டிக்கக் கூடாது; துண்டிக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும், குடிமக்கள் அவற்றை எதிர்த்து நீதிமன்றம் போக முடிய வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு இதைப்பற்றி அறிக்கை தந்தது. நாட்டில் எங்கெங்கே, எத்தனை முறை, எத்தனை நாள் இணையம் துண்டிக்கப்பட்டது என்ற பதிவேடு தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை, உள்துறை அமைச்சகத்திடமும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது.